பிறப்பைப் பார்த்துத் தள்ளினார்கள். தமிழைக் கற்று ஊரை இணைத்தார்!

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் கூட்டத்தில் பேசிவிட்டுத் தோழர்களோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மாலை மங்கிவிட்டது. பனி மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. லைன் வீடுகளில் அடுப்புப் புகை. அந்த வீடுகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு சிறு மாதா கோயில். உள்ளே விளக்கு எரிந்தது. நின்று பார்த்தேன்.

பாதிரியார் இல்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள், தொழிற்சாலையில் இலை வறுத்த ஆண்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், எல்லாருமாக முப்பது பேர் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் படித்தாள், மற்றவர்கள் கேட்டார்கள். படித்ததைப் பற்றி ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். பிறகு, மூன்று வாரமாய் வேலைக்குப் போக முடியாமல் காய்ச்சலில் கிடக்கும் ஒருவர் வீட்டுக்கு என்ன செய்வது என்று பேசினார்கள். துண்டு விரிந்தது. பத்து ரூபாயும் இருபது ரூபாயும் விழுந்தன. இதற்கு அன்பியம் என்று பெயர் சொன்னார்கள். பங்குக் கோயிலின் கீழே பக்கத்து வீடுகள் சில சேர்ந்து அமைத்துக்கொள்ளும் சிறு கூட்டம்.

கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கப்போவதில்லை. என் கண்ணில் பட்டது வேறு. அந்தத் தரையிலே அமர்ந்திருந்தவர்களில் ஒருவரின் பாட்டன் சேலத்திலிருந்து வந்தவர். இன்னொருவரின் குடும்பம் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தது. வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதி, ஒரே தரை! அவர்களைச் சேர்த்து வைத்தது எது? தமிழ். அவர்கள் படித்தது தமிழ், பேசியது தமிழ், துண்டில் விழுந்தது அவர்கள் உழைத்த காசு.

கூட வந்த தோழர் ஒருவர், இதெல்லாம் வெள்ளைக்காரப் பாதிரிகள் நேற்று முந்தாநாள் புகுத்திய பழக்கம்தானே என்று கேட்டார். நேற்று முந்தாநாள் அல்ல, தோழரே! ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுக்கு முன், முத்துக் குளிக்கும் கடற்கரையிலே, பிறப்பைக் காட்டித் தள்ளப்பட்ட ஒரு மனிதர் போட்ட விதை அது. அவர் கதையை உழைக்கும் தோழர்கள் அறிய வேண்டும். அதைச் சொல்கிறேன்.

அவர் பெயர் என்றிக்கே என்றிக்கசு. நம் மக்கள் வாயில் அண்ட்ரிக் அடிகளார்.

போர்ச்சுகல் நாட்டிலே விலா விசோசா என்ற ஊரில் 1520இல் பிறந்தார். படிப்பில் ஆர்வம், துறவில் நாட்டம். பிரான்சிசுகன் துறவியர் மடத்திலே சேர்ந்தார். அங்கி அணிந்தார். ஆனால் நெடுநாள் அங்கே இருக்க விடவில்லை. குற்றம் என்ன? திருடினாரா? பொய் சொன்னாரா? இல்லை. அவருடைய முன்னோர் யூதர்கள்! அவ்வளவுதான். ஞானமுழுக்குப் பெற்ற குடும்பம்தான். கோயிலுக்குப் போன குடும்பம்தான். ஆனாலும் இரத்தம் சுத்தமில்லையாம்! புதுக் கிறித்தவன் என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பினார்கள்.

நம் ஊரிலே பிறப்பைக் கேட்டுக் கதவை மூடுகிறவன், தனக்கு மட்டுமே அந்தக் கலை தெரியும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவிலும் அதே கதவு இருந்தது, அதே தாழ்ப்பாளும் இருந்தது. பெயர்தான் வேறு.

தள்ளப்பட்டவர் தளரவில்லை. கொயிம்பிரா நகரில் சட்டம் படித்தார். சேசு சபை அப்போது பிறந்து சில ஆண்டுகளே ஆன புதிய சபை. அது இவர் பிறப்பைப் பார்க்கவில்லை. 1545இல் சேர்த்துக்கொண்டது. 1546இல் கப்பலேறிக் கோவாவுக்கு வந்தார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடி, புன்னைக்காயல், வேம்பாறு, மணப்பாடு என்று நீளும் நம் தென்கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கரையின் நிலை என்ன? பரதவர் குலத்து மக்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்புதான், 1535க்கும் 1537க்கும் இடையே, கூட்டங் கூட்டமாக மதம் மாறியிருந்தார்கள். ஏன் மாறினார்கள்? வேதம் படித்தா? மறை கேட்டா? இல்லை. முத்துக் குளிக்கும் உரிமையில் போட்டி. அடி, உதை, வெட்டு, குத்து. கடலிலே வலிமை பெற்றிருந்த போர்ச்சுகீசியரிடம் அடைக்கலம் கேட்டார்கள். அடைக்கலத்துக்கு விலை ஞானமுழுக்கு. தலையிலே தண்ணீர் விழுந்தது. ஆனால் தலைக்குள்ளே எதுவும் போகவில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

1542இல் சவேரியார் வந்தார். ஊர் ஊராக, குடிசை குடிசையாக நடந்தார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். செபங்களைத் தமிழிலே மாற்றச் செய்து மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. மாற்றிக்கொடுத்தவர்களுக்குச் சமயம் தெரியாது. விளைவு? நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்திலே வேணும் என்ற சொல் உட்கார்ந்திருந்தது! ஆயிரமாயிரம் பேர் கைகூப்பி, நம்புகிறேன் என்று எண்ணி, வேணும் வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் சவேரியார் பிழையை அறிந்து திருத்தச் சொல்லி எழுதினார்.

புரியாத மொழியிலே வணங்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சவேரியார் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஒருவராகக் கணக்கப்பிள்ளை என்று ஆள் வைத்தார். உள்ளூர்க்காரர்தான், துறவி அல்ல. கோயிலைப் பார்த்துக்கொள்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, பிறப்பு இறப்பைக் கவனிப்பது அவர் வேலை. அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தக் கரை மக்களிடமிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று வாங்கப்பட்டு வந்தது. ஆம், தோழர்களே, காலணிக்கு! மூச்சடக்கி முத்தெடுத்தவன் வியர்வை, எங்கோ இருக்கும் அரசியின் காலுக்குச் செருப்பு! அந்தப் பணத்தைச் சவேரியார் கேட்டு வாங்கிக் கணக்கப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார். காலுக்குப் போன காசு கல்விக்குத் திரும்பியது.

இந்த நிலையிலேதான் அண்ட்ரிக் அடிகளார் வந்து சேர்ந்தார். வந்தவர் முதலில் என்ன செய்தார்? கோட்டை கட்டினாரா? கோபுரம் எழுப்பினாரா? தமிழ் படிக்க உட்கார்ந்தார்!

அகராதி கிடையாது. ஐரோப்பியனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் இலக்கண நூல் கிடையாது. உடல்நலமோ சரியில்லை, அடிக்கடி நோயில் விழுகிறவர். ஆனாலும் இரவும் பகலும் தமிழே நினைவாக இருந்தார். மொழிபெயர்ப்பாளனைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு பேசியவர், இரண்டே ஆண்டில் அவன் தேவையில்லாமல் பேசத் தொடங்கினார். தாம் கற்றதைப் பின்னே வருகிறவர்களுக்கு உதவும் இலக்கணமாக எழுதி வைத்தார். அதோடு நிற்கவில்லை. உடனிருந்த வெள்ளைக்காரத் துறவிகள் தங்களுக்குள்ளும் தமிழிலேதான் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தவறிப் போர்ச்சுகீசியத்தில் பேசினால் தண்டனை! நம் பிள்ளைகள் தமிழிலே பேசினால் அபராதம் போடும் பள்ளிகளைப் பார்த்துவிட்ட நமக்கு இது இனிக்காமல் இருக்குமா?

1549இல் அங்கே தலைவராயிருந்த அந்தோணி கிரிமினாலி என்ற பாதிரியார் வேதாளையில் வடுகர் படையால் கொல்லப்பட்டார். தலைமைப் பொறுப்பு அண்ட்ரிக் அடிகளாரிடம் வந்தது. 1576 வரை அந்தச் சுமையைச் சுமந்தார். இன்பமான பதவி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பக்கம் வடுகர் படையெடுப்பு. ஒரு பக்கம் கடலிலே போர். இன்னொரு பக்கம் காக்க வந்த போர்ச்சுகீசியக் கேப்டன்மாரே மக்களைச் சுரண்டினார்கள். அந்தக் கொடுமையைச் சவேரியாரே கண்டித்து எழுத வேண்டியிருந்தது. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டது, அடிகளாரும் சிறைப்பட்டார். 1560இல் மீண்டும் படையெடுப்பு வர, மக்களில் ஒரு பகுதி கடல் தாண்டி மன்னாருக்குப் போய்க் குடியேறும்படி ஆயிற்று. ஊரே பெயர்ந்தது. மக்கள் போன இடமெல்லாம் அவர் போனார்.

இத்தனை அலையிலும் அந்தச் சமூகம் சிதறாமல் நின்றதே, எப்படி? இங்கேதான் தொழிற்சங்கம் கட்டுகிற தோழர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும்.

அவர் எல்லாவற்றையும் தாமே செய்ய முனையவில்லை. செய்யவும் முடியாது. நீண்ட கடற்கரை, விரல்விட்டு எண்ணத்தக்க பாதிரிமார். ஆகவே ஊர்க்காரர்களையே பழக்கினார். கணக்கப்பிள்ளைகளுக்குத் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம். பெண்களுக்கு ஒரு நாள், ஆண்களுக்கு ஒரு நாள் என்று வாரந்தோறும் கூட்டம். பாதிரி வராத வாரத்திலும் கூட்டம் நடக்கும். தலைவன் இல்லாதபோதும் இயங்குகிற அமைப்புத்தான் அமைப்பு. மற்றதெல்லாம் திருவிழாக் கூட்டம்!

புன்னைக்காயலிலே ஏழைகளுக்காக மருத்துவமனை ஏற்படுத்தினார். இந்த நாட்டில் கடற்கரைக் கூலிக்காரனுக்கென்று அப்படி ஒன்று இருந்தது அரிது. அதை அரசன் கொடுத்த மானியத்தால் மட்டும் நடத்தவில்லை; மக்களும் பங்கு போட்டார்கள். இல்லாதவர்க்கு உதவ அன்புச் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். குன்னூர்த் தோட்டத்திலே துண்டு விரித்தார்களே, அதன் பாட்டன் அது.

மனம் விட்டுத் தவற்றைச் சொல்லி ஆறுதல் பெறுவது கத்தோலிக்கர் வழக்கம், பாவசங்கீர்த்தனம் என்பார்கள். அதற்கும் முன்பெல்லாம் இடையிலே ஒரு மொழிபெயர்ப்பாளன்! தன் நெஞ்சில் உள்ளதை ஒருவன் மூன்றாம் ஆள் வழியாகச் சொல்ல முடியுமா? அண்ட்ரிக் அடிகளார் தமிழிலே கேட்டார். ஒரு மீனவப் பெண் தன் துயரத்தைத் தன் மொழியிலே சொல்ல, வெள்ளைக்காரத் துறவி அவள் மொழியிலே ஆறுதல் சொன்னார். இடையிலே இருந்த ஆள் மறைந்தான். தரகன் போன இடத்திலேதான் உறவு வளரும்.

பேசினால் போதாது, எழுத்தாக நிற்க வேண்டும் என்று எண்ணினார். 1554இல் லிசுபன் நகரிலே தமிழ்ச் செபநூல் ஒன்று அச்சாகியிருந்தது. ஆனால் அது உரோமன் எழுத்திலே. படிக்க வேண்டியவன் தமிழன், எழுத்து யாருடையது? தமிழனுக்குத் தமிழ் எழுத்திலே வேண்டும்! எழுத்து வார்க்கும் வேலை கோவாவிலும் கொல்லத்திலும் நடந்தது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், கொல்லத்திலே, தம்பிரான் வணக்கம் அச்சேறி வெளிவந்தது. பதினாறே பக்கம். உள்ளங்கையில் அடங்கும் சிறு நூல். ஆனால் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுதான்! வங்காளிக்கு முன்னே, மராத்திக்கு முன்னே, இந்திக்கு முன்னே, தமிழ்!

அச்சுக்குப் பணம் கொடுத்தது யார்? அரசனா? ஆளுநனா? முத்துக் குளிக்கும் பரதவ மக்கள் கொடுத்தார்கள். தங்கள் நூலுக்குத் தாங்களே பொருள் தந்தார்கள். நல்ல உரைநடையும் செல்வமும் கல்வியும் பெற்றிருந்த மேட்டுக்குடியினர் அச்சு என்ற சொல்லையே கேட்டிராத காலத்தில், கடலில் மூழ்கி எழுந்த உழைப்பாளி தன் காசில் தமிழை அச்சேற்றினான். திருக்குறள் அச்சேற 1812 வரை, அதன் பிறகும் 234 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்!

1579இல் கொச்சியிலே கிரீசித்தியானி வணக்கம் வந்தது. கேள்வியும் பதிலுமாக அமைந்த பாடநூல். 1580இல் பாவசங்கீர்த்தன முறையை விளக்கும் நூல். 1586இல் அறுநூறு பக்கங்களுக்கும் மேலான பெருநூல், அடியார் வரலாறு. படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படித்தால், படிக்காத நூறு பேர் கேட்பார்கள். இன்று தேநீர்க்கடையிலே ஒருவர் ஏட்டை விரித்துப் படிக்க மற்றவர் சூழ்ந்து கேட்கிறோமே, அந்த முறைதான். செய்யுளே இலக்கியம் என்று இருந்த காலத்தில், கடற்கரை மக்கள் பேசும் தமிழை ஒட்டிய உரைநடை நூலாயிற்று.

இப்படி உழைத்த மனிதருக்கு முதுமையிலே என்ன பரிசு கிடைத்தது? இதைச் சொல்லும்போது நெஞ்சு கொதிக்கிறது. 1593இல் சேசு சபையின் பொதுப்பேரவை கூடி, யூத மரபில் வந்தவர்களை இனிச் சபையில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது! அப்போது அண்ட்ரிக் அடிகளாருக்கு எழுபத்து மூன்று வயது. நாற்பத்தாறு ஆண்டுகள் அந்தக் கரையிலே உழைத்துத் தேய்ந்திருந்தார். அவர் இருபத்தைந்து வயதில் நுழைந்த அதே வாசலை, அவரைப் போல் பிறந்தவர்களுக்கு மூடினார்கள். அன்றைக்கு அந்த விதி இருந்திருந்தால் அவர் வந்திருக்க முடியாது. தம்பிரான் வணக்கம் இல்லை. புன்னைக்காயல் மருத்துவமனை இல்லை. அந்தத் தடையைச் சேசு சபை முழுதாக நீக்கியது 1946இல். முந்நூற்றைம்பத்து மூன்று ஆண்டுகள்!

பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறவன் யாரைத் தடுக்கிறான் என்பது அவனுக்கே தெரியாது. அதுதான் பிறப்புப் பார்ப்பதிலே உள்ள பெருங்கேடு.

1600இல் புன்னைக்காயலிலே அவர் கண் மூடினார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் மறைந்தபோது சுற்றுவட்டத்து இசுலாமியர் நோன்பிருந்தார்கள், இந்துக்கள் கடையடைத்தார்கள் என்று அக்காலக் கடிதங்கள் கூறுகின்றன. எந்தக் கரையில் மதத்தின் பெயரால் குருதி ஓடியதோ, அந்தக் கரை ஒரு மனிதருக்காக ஒன்றாகக் கலங்கியது.

அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1603இல், பெனிசியோ என்ற மற்றொரு சேசு சபைத் துறவி மலபார்க் கரையிலிருந்து நம் நீலமலைக்கு ஏறி வந்தார். தோதவர்களைச் சந்தித்தார். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். சில நாளில் இறங்கிப் போனார். குறிப்பு மிஞ்சியது, சமூகம் எதுவும் உருவாகவில்லை. நம் மலையைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் செய்தி அதுதான் என்பார்கள். அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒருவர் சில நாள் தங்கினார். ஒருவர் ஐம்பத்து மூன்று ஆண்டு தங்கினார். ஒருவர் வேறொருவன் நாவால் பேசினார். ஒருவர் மக்கள் நாவாகவே ஆனார். மக்களை ஒன்றுசேர்க்க வருகிறவன் எந்த வழியில் நடக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

அண்ட்ரிக் அடிகளாரைக் குறையே இல்லாதவர் என்று கூற மாட்டேன். அவர் வந்தது போர்ச்சுகீசியக் கொடியின் நிழலில். அவர் இணைத்தது பெரும்பாலும் ஒரே குலத்து மக்களை. பல சாதியாரை ஒரே தரையில் உட்கார வைக்கும் சோதனை அவருக்குப் பின்னே வந்தது. அந்தச் சோதனையில் கோயில் பல இடங்களில் தோற்றது. வடக்கன்குளத்திலே ஒரே கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பகுதி என்று பிரித்து, இடையிலே சுவர் வைத்திருந்தார்கள். அந்தச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இன்றும் சில ஊர்களிலே கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் நிற்கிறது. செத்த பிறகும் சாதி! இறந்தவனின் எலும்புக்குமா இரத்தச் சுத்தம்?

மொழி விஷயத்திலும் அப்படித்தான். அவர் செபத்தைத் தமிழாக்கினார். பூசையோ அவருக்குப் பின்னும் நூற்றாண்டுகள் இலத்தீனிலேயே நடந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவரவர் மொழியில் வழிபட வழி திறந்தது. உலகக் கத்தோலிக்கத் திருச்சபை வந்து சேர்ந்த இடத்துக்கு, புன்னைக்காயல் குடிசையிலிருந்த அந்த நோயாளித் துறவி நானூறு ஆண்டுக்கு முன்பே நடந்து காட்டிவிட்டார்.

அவரை நாம் மறந்திருந்தோம். அவர் நூல்களும் நம் நாட்டில் இல்லை. 1954இல் தனிநாயக அடிகள் ஐரோப்பிய நூலகங்களிலே தேடி அவற்றைக் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னார். அடியார் வரலாறு 1967இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தால் மறுபடி அச்சேறியது. 1968இல் பேரறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. சென்னைக் கடற்கரையிலே வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகியோருக்குச் சிலை எழுந்தது. அந்த வரிசையில் அண்ட்ரிக் அடிகளார் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மக்கள் தமிழிலே கூடிப் படிக்கும் இடமெல்லாம் அவருக்கு மண்டபம்தான்.

தோழர்களே! மீண்டும் அந்தக் குன்னூர்த் தோட்டத்துக்கு வருகிறேன். விளக்கு அணைந்து அவர்கள் வெளியே வந்தபோது, துண்டில் சேர்ந்த பணத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் மேல் லைனுக்கு ஏறினார்கள். காய்ச்சலில் கிடந்தவர் அவர்கள் கோயிலைச் சேர்ந்தவர் அல்லர் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகம் எடுப்பவராம். யாரும் அதைக் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கும் கை என்பது போதுமாயிருந்தது.

நீ கோயிலுக்குப் போகிறவனாயிரு, போகாதவனாயிரு. சங்கம் கட்டினாலும் பங்கு கட்டினாலும் அடித்தளம் மூன்றுதான்: மக்களின் மொழியிலே பேசு, மக்களையே பொறுப்பில் வை, பிறப்பைக் கேட்காதே. முதல் இரண்டையும் அண்ட்ரிக் அடிகளார் செய்து காட்டினார். மூன்றாவதைத் தம் உடம்பிலே பட்ட காயமாகச் சுமந்து போனார். அந்தக் காயத்தை ஆற்றும் வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது. எந்த ஊரில் எந்தச் சுவர் நின்றாலும், அது கோயிலுக்குள் நின்றாலும் கல்லறையில் நின்றாலும் லைன் வீடுகளுக்கு நடுவே நின்றாலும், அதை இடிக்கும் கடப்பாரை உழைப்பவன் கையிலேதான் இருக்கிறது!